கணுக்கால் தண்ணீரில் யார், முழங்கால் தண்ணீரில் யார்: மார்கழி, தை மாதப் பறவை நடை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரி நிரம்பி, வயலெல்லாம் தண்ணீர் கட்டி நிற்கும் மார்கழியில் பறவை பார்க்கக் கிளம்பியவர்கள் திரும்பி வந்து சொல்லும் புலம்பல் ஒன்று உண்டு: "ஏரி தளும்பத் தளும்ப நிக்குது, ஒரு உள்ளானைக்கூடக் காணோம்." தளும்பி நிற்பதால்தான் காணோம். உள்ளான் நின்று மேயும் பறவை. அதன் கால் நீளத்துக்கு மேல் தண்ணீர் இருந்தால் அதற்கு அங்கே வேலை இல்லை. அதே நாளில், அதே ஏரியின் வால்பகுதியிலோ, பக்கத்தில் சேடை ஓட்டிய (தண்ணீர் கட்டிச் சேறாக உழுத) வயலிலோ, இருநூறு உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருக்கலாம்.

ஆகவே கிளம்பும் முன் மனத்தில் போட்டுக்கொள்ள வேண்டியது தண்ணீரின் ஆழக் கணக்கு. அது கைவந்துவிட்டால் எந்த ஊர் ஏரிக்குப் போனாலும் எங்கே நிற்பது, எதைத் தேடுவது என்று தெரிந்துவிடும்.

ஆழக் கணக்கு

சேறு பளபளவென்று தெரிந்து, மேலே தண்ணீர் ஒரு படலமாக மட்டும் இருக்கும் இடம் கொசு உள்ளானுக்கும் பட்டாணி உப்புக்கொத்திக்கும் வாலாட்டிகளுக்கும் உரியது. இரண்டு மூன்று விரற்கடைத் தண்ணீர் என்றால் பொரி உள்ளானும் மடையானும். அங்கேயே கோரை அடர்ந்திருந்தால் கோரை உள்ளான் நிச்சயம் தேட வேண்டும். கணுக்கால் அளவுக்கு வந்துவிட்டால் நெடுங்கால் உள்ளான், பச்சைக்காலி, கருவால் மூக்கன், சின்னக் கொக்கு, அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை. கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் பெரிய கொக்கு, சாம்பல் நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன் ஆகியவை நிற்கும். தலையைக் கவிழ்த்து வாலை மேலே தூக்கி மேயும் வாத்துகளுக்கும் இந்த ஆழம்தான் பிடிக்கும். முழங்காலைத் தாண்டிய தண்ணீர் முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா இவற்றின் இடம். இலைக்கோழி மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அல்லியும் தாமரையும் படர்ந்திருந்தால் எத்தனை ஆழத்திலும் இலைமேல் நடந்து போகும்.

ஆழத்தை எப்படி அளப்பது? நீங்கள் இறங்கிப் பார்க்க வேண்டாம், கொக்கு ஏற்கெனவே இறங்கி நிற்கிறது. சின்னக் கொக்கின் காலில் நடுவே ஒரு மூட்டு தெரியும். பாதத்திலிருந்து அந்த மூட்டுவரை ஏறத்தாழ 10 செ.மீ. மூட்டு தண்ணீருக்கு மேலே தெரிந்தால் ஆழம் ஒரு சாணில் பாதிக்கும் குறைவு, உள்ளான்கள் அருகில்தான் இருக்கும். மூட்டு முழுகி, வயிறு தண்ணீரைத் தொடுவதுபோல் நின்றால் சிறிய உள்ளான்களுக்கு அங்கே இடமில்லை. கண்ணை ஓரச்சேற்றுக்குத் திருப்புங்கள்.

எந்த மாதம், எந்த நிலம்

வலசை வாத்துகளும் உள்ளான்களும் வந்து சேர்வது ஐப்பசிக்கு முன்பே தொடங்கிவிடும். ஆனால் நல்ல மழை ஆண்டில் கார்த்திகைவரை தண்ணீர் எங்கும் பரவிக் கிடப்பதால் பறவைகளும் சிதறிக் கிடக்கும். மழை நின்று, குட்டைகளும் தாழ்வான தரிசுகளும் வற்ற வற்ற அவை ஏரிகளில் திரளும். மார்கழி நடுவிலிருந்து மாசி நடுவரை, அதாவது ஜனவரி முதல் பிப்ரவரிக் கடைசிவரை, நடைக்கு ஏற்ற காலம்.

நிலத்தைப் பொறுத்துக் கணக்கு மாறும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கம் ஏரிப்பாசனம். நவரைப் பட்டத்துக்காக மார்கழி, தையில்தான் அங்கே உழவும் நடவும் நடக்கும். ஏரி நிரம்பி ஆழமாக நிற்கும் அதே நேரத்தில் கரைக்கு அந்தப் பக்கம் வயலில் கணுக்கால் தண்ணீரில் டிராக்டர் சேடை ஓட்டிக்கொண்டிருக்கும். ஒரே நடையில் இரண்டு உலகத்தையும் பார்த்துவிடலாம். காவிரி டெல்டாவில் அப்போது சம்பா கதிர் முற்றி நிற்கும், வயலுக்குள் பறவை தெரியாது. அங்கே வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் போன்ற ஏரிகளைக் காலையில் பார்த்துவிட்டு, அறுவடை முடிந்து ஈரம் காயாத தாக்குகளை (வயல் பகுதிகளை)த் தேடிப் போக வேண்டும். தெற்கே திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்திலும், அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டியிலும் வரித்தலை வாத்து வரும். இமயமலைக்கு மேலாகப் பறந்து வரும் வாத்து அது. அதற்காகவே ஒரு நாள் ஒதுக்கலாம்.

முதன்முறை போகிறவர்களுக்கு வேடந்தாங்கலையும் கரிக்கிலியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வோம். இரண்டுக்கும் நடுவே 10 கி.மீ. அளவுதான். வேடந்தாங்கல் கூடு கட்டும் இடம். தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி, கரண்டிவாயன், நீர்க்காகம், வக்கா எல்லாம் குடும்பம் நடத்தும். பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்மக்கள் கேட்டுக் கலெக்டரிடம் 1798-லேயே உத்தரவு வாங்கிய ஊர் அது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கரிக்கிலி வேறு மாதிரி. தண்ணீர் ஆழம் குறைவு, வெட்டவெளி அதிகம், அதனால் வாத்தும் உள்ளானும் அங்கேதான் கூடும். இரண்டும் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. வேடந்தாங்கலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

கையில் என்ன வேண்டும்

பைனாகுலர் 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ.) போதும். 10 மடங்கு பெரிதாகக் காட்டுவது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கை நடுக்கத்தையும் அதே பத்து மடங்கு காட்டும். பார்வைப் பரப்பும் சுருங்கும். வரப்பில் ஒற்றைக் காலில் சமன் செய்துகொண்டு பார்க்கிறவருக்கு 8 தான் சரி. ஜூம் வைத்த பைனாகுலர் வேண்டாம், விடியற்காலை வெளிச்சத்தில் மங்கலாகத் தெரியும்.

வாங்கியபின் பலரும் செய்யாமல் விடுவது கண்ணுக்குப் பொருத்துவதை. இரண்டு குழாயையும் விரித்து மடக்கி ஒரே வட்டமாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். வலது குழாயைக் கையால் மூடி, இடது கண்ணால் தூரத்து மின்கம்பத்தின் எண்ணைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருகித் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலது கண்வளையத்தை மட்டும் திருகி அதே எண்ணைத் தெளிவாக்குங்கள். அந்த இடத்தில் ஒரு பேனாக் கோடு போட்டுவிடுங்கள். இனி நடுச்சக்கரம் மட்டும் போதும். கண்ணாடி போடுகிறவர்கள் ரப்பர் மூடியை உள்ளே இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல்தான் இருக்கும்.

மார்கழிக் காலையில் இன்னொரு தொல்லை. ஏசி அறையிலோ ஏசி காரிலோ இருந்த பைனாகுலரை வெளியே எடுத்ததும் லென்ஸ் முழுக்க ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். கால் மணி நேரம் முன்பே பைனாகுலரையும் கேமராவையும் பையோடு வெளியே வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை இல்லை.

ஸ்டாண்டில் வைக்கும் தொலைநோக்கி இருந்தால் ஏரிக்கு நல்லது, வயலுக்குச் சுமை. வெயில் ஏறினால் தண்ணீர்ப்பரப்பின் மேல் கானல் ஆடத் தொடங்கும். 9 மணிக்குப் பிறகு 40 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தும் பயனில்லை. 20, 25-இல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

காலுக்கு: ஏரிக்கரை மேலேயே நடப்பதானால் கணுக்கால் மூடிய ஷூவோ கம்பூட்ஸோ சரி, புல்லுக்குள் பாம்புக்கும் முள்ளுக்கும் பாதுகாப்பு. சேற்றில் இறங்க நேர்ந்தால் கம்பூட்ஸ் ஆகாது. களிமண் உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், கால் மட்டும் வெளியே வரும், ஆள் கவிழ்வார். பின்பட்டை உள்ள பழைய செருப்பு ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். மற்றபடி ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, நீர் புகாத பை ஒன்று (மழைக்கு மட்டுமில்லை, வாய்க்காலில் சறுக்கினால் போனைக் காப்பாற்றுவது அதுதான்), பென்சில், சிறு நோட்டு, ஊன்றிப் பார்க்க ஒரு கழி. கழி மிக முக்கியம். எதற்கென்று கீழே வரும்.

உடை நிறத்தைப் பற்றி நிறையச் சொல்வார்கள். மங்கலான நிறம் நல்லதுதான். ஆனால் வெள்ளை வேட்டி கட்டிய விவசாயி பத்தடி பக்கத்தில் மண்வெட்டி போட்டுக்கொண்டிருக்க, கொக்கு அசையாமல் மேய்வதைப் பார்த்திருப்பீர்கள். அவர் பாட்டுக்கு வேலையைப் பார்க்கிறார் என்று அதற்குத் தெரியும். நேராகத் தன்னை நோக்கி வந்து, சட்டென்று நின்று, எதையோ தூக்கி முகத்தில் வைக்கிற ஆள்தான் அதற்குப் பயம்.

நடை

தைப்பொங்கல் சமயத்தில் தஞ்சாவூரில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ 6.35-க்கு. சென்னைப் பக்கமும் ஐந்து நிமிட வித்தியாசம்தான். 6.15-க்குக் கரையில் நிற்க வேண்டும். மொத்தம் நான்கு கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள். மணிக்கு ஒன்று, ஒன்றேகால் கிலோமீட்டர் என்பதுதான் பறவை பார்க்கும் வேகம். 9.30-க்கு முடித்துக்கொள்ளலாம்.

பனிமூட்டம் கனமாக இருக்கும் நாளில் முதல் அரை மணி நேரம் கண்ணுக்கு வேலையில்லை. பைனாகுலரைத் தொங்கவிட்டுக் காதைத் தீட்டுங்கள். கம்புள் கோழியின் "குவாக் குவாக்", முக்குளிப்பானின் குதிரைக் கனைப்பு போன்ற நடுக்கக்குரல், நீலச்சிறகி ஆணின் உலர்ந்த சீப்பைக் கீறுவது போன்ற ஓசை, தலைக்கு மேல் சீழ்க்கைச்சிறகிக் கூட்டத்தின் விசில். மூட்டம் விலகும்போது எந்தத் திசையில் எது என்று ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

தமிழ்நாட்டு நிலம் கிழக்கே சாய்வதால் வடமாவட்டங்களில் பல ஏரிகளுக்குக் கரை கிழக்கே இருக்கும். பறவை பார்க்கிறவர்களுக்கு இது வரம். காலையில் கரைமேல் நின்று மேற்கே பார்த்தால் வெயில் உங்கள் முதுகில் விழும், தண்ணீரில் இருக்கும் பறவையின் நிறம் அப்படியே தெரியும். எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் எல்லாமே கருப்பு நிழல்தான். மாலையில் இது தலைகீழ். வேறு வழியில்லாமல் வெயிலைப் பார்த்து நிற்க நேர்ந்தால் நிறத்தை விட்டுவிட்டு உருவம், அலகின் வளைவு, நடை இவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

கரையின் உச்சியில் நடந்தால் வானத்தை ஒட்டி உங்கள் முழு உருவமும் ஏரிக்கெல்லாம் தெரியும். வாத்துகள் மெல்ல நடு ஏரிக்கு நீந்திப் போய்விடும். ஆகவே வயல் பக்கத்துச் சரிவில், தலை மட்டும் கரைக்கு மேல் வருமாறு நடந்து, ஐம்பது அறுபது அடிக்கு ஒருமுறை எட்டிப் பாருங்கள். பனைமரம், மதகுச் சுவர், அய்யனார் கோயில் மதில் எது கிடைத்தாலும் அதை ஒட்டி நில்லுங்கள்.

முதலில் மதகு. மதகடியில் மீன் கூடும், அங்கே மீன்கொத்தி ஒன்றாவது இருக்கும். வெண்தொண்டை மீன்கொத்தி கம்பியில் உட்கார்ந்திருக்கும், கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே இடத்தில் சிறகடித்துத் தண்ணீருக்கு மேலே நின்று செங்குத்தாக விழும். அடுத்து கலங்கல். உபரி நீர் வழியும் இடத்தில் சின்னக் கொக்குகள் வரிசை கட்டி நிற்கும். கொஞ்ச நேரம் அவற்றின் காலைப் பாருங்கள். ஒரு காலை முன்னே நீட்டி, மஞ்சள் விரல்களைச் சேற்றுக்குள் விட்டுக் கிடுகிடுவென்று நடுக்கும். புகைபோலச் சேறு கிளம்பும், அதிலிருந்து தெறித்து ஓடுகிற குஞ்சு மீனை அலகு முந்திக்கொள்ளும். கருப்புக் காலில் அந்த மஞ்சள் பாதம் ஒரு தூண்டில் மாதிரி.

கரையிலிருந்து வயலுக்கு இறங்கும் முன் யாரிடமாவது கேளுங்கள். டீக்கடையிலோ, மடை திருப்பிக்கொண்டிருப்பவரிடமோ, "அண்ணே, இந்த வரப்பு வழியா அந்தப் பக்கம் போகலாமா? பறவை பார்க்கத்தான் வந்தோம்" என்று சொன்னால் போதும். கூடவே "எந்தப் பக்கம் இன்னிக்கு உழவு ஓடுது?" என்று கேட்டுவிடுங்கள். அன்றைய நடையில் இதைவிடப் பயனுள்ள கேள்வி இல்லை. கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) போட்ட டிராக்டர் எங்கே ஓடுகிறதோ அங்கே உண்ணிக்கொக்கும் கரிச்சானும் மைனாவும் பின்னாலேயே நடக்கும். ஏரி பக்கத்தில் இருந்தால் மீசை ஆலாக்கள் தலைக்கு மேல் சுற்றும். உழுது ஓய்ந்த தாக்கில் மறுநாள் காலையில் பொரி உள்ளான்களும் மஞ்சள் வாலாட்டிகளும் இறங்கியிருக்கும்.

வரப்பில் நடக்கும்போது அதன் நிறத்தைப் பாருங்கள். புல் முளைத்துக் காலடித் தடம் உள்ள வரப்பு தாங்கும். அண்டை வெட்டிப் புதுச்சேறு பூசிய வரப்பு தாங்காது, ஒரு மிதி போதும் உடைந்து தண்ணீர் அடுத்த வயலுக்கு ஓட. அடைக்கத் தெரியாமல் நீங்கள் நிற்க, உரம் போட்ட தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். நண்டு வளையும் எலி வளையும் உள்ள இடமும் அப்படித்தான். கழியால் ஊன்றிப் பார்த்துவிட்டுக் காலை வையுங்கள். டெல்டாவில் அறுத்த வயல்தானே என்று குறுக்கே நடக்காதீர்கள். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நெல்லுக்குள் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். அறுவடைத் தாளுக்குள் இரண்டிலைப் பயிர் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும்.

கடைசியாக ஏரியின் வால், அதாவது கரைக்கு எதிரே தண்ணீர் மெலிந்து புல்வெளியாகும் நீர்ப்பிடிப்புப் பகுதி. பெரும்பாலோர் இதுவரை வருவதே இல்லை. ஆழம் விரற்கடையாகக் குறையும் இந்த ஓரத்தில்தான் தை கடைசியில், தண்ணீர் இறங்க இறங்க, கொசு உள்ளான் முதல் கருவால் மூக்கன்வரை எல்லாம் கூடும். நேராகப் போகாமல் சாய்வாக, வேறெங்கோ போகிறவர்போல நெருங்குங்கள். பறவை மேய்வதை நிறுத்தி, கழுத்தை நீட்டி, தலையை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கினால் நீங்கள் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் மறுபடி மேயும். இன்னும் இரண்டடி வைத்தால் மொத்தக் கூட்டமும் எழும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, திரும்பிப் போக உடம்பில் கொழுப்பு சேர்த்துக்கொண்டிருக்கும் பறவை ஒவ்வொரு முறை எழும்போதும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் செலவழிக்கிறது.

குழப்பும் பறவைகள்

வெள்ளைக் கொக்கெல்லாம் ஒன்றல்ல. அலகும் காலும் கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. அலகு மஞ்சள், குட்டை, கழுத்து தடிமன், மாட்டுக்குப் பக்கத்தில் என்றால் உண்ணிக்கொக்கு. மீதி இரண்டும்தான் சிக்கல். இரண்டுக்கும் குளிர்காலத்தில் அலகு மஞ்சள், கால் கருப்பு. வாயின் கோட்டைப் பாருங்கள். அலகு பிளவுபடும் அந்தக் கோடு கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் நடுத்தர அளவுள்ள வெள்ளைக் கொக்கு. கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. உயரத்தை நம்பாதீர்கள். தனியாக நிற்கும் கொக்கின் உயரம் தூரத்தில் எப்போதும் ஏமாற்றும்.

உள்ளான்களில் மூன்று. பொரி உள்ளானுக்கு முதுகில் வெண்பொரி தூவியது போலிருக்கும், கால் மஞ்சள் சாயல், கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடும். பறந்தால் சிறகின் அடிப்புறம் வெளிறித் தெரியும். பச்சை உள்ளான் பார்க்கக் கருப்பாக இருக்கும், வெள்ளைக் கோடு கண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடும், பறக்கையில் சிறகின் அடிப்புறம் கருப்பு, வால்மேல் பளிச்சென்று வெள்ளை. இது பெரும்பாலும் தனியாக வாய்க்காலில் இருக்கும், கூட்டம் சேராது. சாதா உள்ளான் ஓயாமல் பின்பக்கத்தை ஆட்டும், மார்போரத்து வெள்ளை தோளுக்கு முன்னால் ஆப்பு போல ஏறியிருக்கும், தண்ணீரை ஒட்டி விறைத்த சிறகால் துடித்துத் துடித்துப் பறக்கும்.

கோரை உள்ளானை நீங்கள் பார்ப்பது அது எழும்போதுதான். காலடியிலிருந்து கரகரத்த குரலோடு கிளம்பி இடமும் வலமும் வெட்டி வெட்டிப் பறந்தால், சிறகின் பின்விளிம்பில் வெள்ளைக் கோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கோரை உள்ளான். கோடு இல்லாமல், சற்றுக் கனமாக, அதிகம் வெட்டாமல் பறந்தால் ஊசிவால் கோரை உள்ளான். ஒரு நொடிதான் கிடைக்கும், எதைப் பார்ப்பதென்று முன்பே முடிவு செய்துவிட்டுக் கோரைக்குப் பக்கத்தில் போங்கள். இரண்டிலும் தீர்மானம் வரவில்லையென்றால் "கோரை உள்ளான் வகை" என்று எழுதுங்கள், அது தவறான பெயரைவிட எவ்வளவோ மேல்.

வாத்துகளில் எல்லோரும் தடுமாறுவது பழுப்பு நிறப் பெட்டைகளில். அதுவும் கார்த்திகைவரை நீலச்சிறகி ஆணும் பெட்டைபோலவேதான் இருக்கும். தையில் கண்ணுக்கு மேல் வெள்ளைப் பிறை பளிச்சென்று வந்துவிடும். அதுவரை அலகைப் பாருங்கள். கரண்டிபோல் நுனி அகன்றிருந்தால் தட்டைவாயன். அலகின் நுனி மஞ்சளாக இருந்தால் நம் ஊரிலேயே இருக்கும் புள்ளிமூக்கு வாத்து. கழுத்து மெலிந்து நீண்டு, வால் கூர்ந்திருந்தால் ஊசிவால் வாத்து. முகத்தில் கண் வழியாக ஒரு கருங்கோடும் அதற்குக் கீழே இன்னொன்றும் ஓடினால் நீலச்சிறகிப் பெட்டை.

ஏரியில் மிதந்த அத்தனை வாத்தும் ஒரே நேரத்தில் சத்தமில்லாமல் எழுந்தால் வாத்தைப் பார்க்காதீர்கள், கோரைக்கு மேல் தாழ்வாகத் தேடுங்கள். சிறகை வி வடிவில் தூக்கிப் பிடித்து மிதந்து வரும் சேற்றுப் பூனைப்பருந்து அங்கே இருக்கும்.

வரப்போரத்தில் நத்தை ஓடுகள் உடையாமல் முழுசாகக் குவிந்து கிடந்தால் அது நத்தைகுத்தியின் சாப்பாட்டு மேசை. மேலலகும் கீழலகும் நடுவில் சேராமல் பாக்குவெட்டிபோல் இடைவெளி விட்டிருக்கும் நாரை அது. தண்ணீருக்குள்ளேயே நத்தையை அழுத்திப் பிடித்து, கீழலகின் நுனியை மூடிக்குள் செருகி, தசையை வெட்டி இழுத்துவிடும். ஓடு அப்படியே கிடக்கும்.

ஆபத்துகள்

ஓடும் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் இருந்தால் கடக்காதீர்கள். கலங்கலில் வழியும் தண்ணீர் ஆழம் குறைவாகத்தான் தெரியும், அடியில் பாசி எண்ணெய்போல் இருக்கும். மதகு திறந்திருக்கும்போது அதன் ஏரிப்பக்கம் தண்ணீரில் கால் வைக்கவே கூடாது, உள்ளிழுப்பு மேலே தெரியாது. ஆகாயத்தாமரை மூடிய குட்டை தரைபோலவே இருக்கும். கழி ஊன்றாமல் எந்தப் பச்சையையும் நம்பாதீர்கள்.

மழைக்காலத்தில் வளைகளில் தண்ணீர் புகுவதால் பாம்புகள் வரப்பு மேட்டுக்கு வரும். வழியில் காண்பவை பெரும்பாலும் விஷமற்ற தண்ணீர்ப்பாம்புதான், ஆனால் கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் எலியைத் தேடி அதே வரப்புக்கு வரும். முன்னே கழியால் தட்டிக்கொண்டே நடங்கள். கடிபட்டால் வெட்டவோ உறிஞ்சவோ இறுகக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கிளம்பும் முன்பே அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

காலில் வெட்டோ புண்ணோ இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்காதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வரும். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் வயல் தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மருந்து அடித்த வாடை வரும் வயலைச் சுற்றிக்கொண்டு போங்கள். அறுந்து தொங்கும் கம்பியோ வேலியில் கட்டிய ஒற்றைக் கம்பியோ தெரிந்தால் அந்தப் பக்கமே வேண்டாம்.

புயல் கடந்த மறுநாட்களில் கடலோர ஆலாக்கள் உள்ளூர் ஏரிகளுக்குத் தள்ளப்பட்டு வருவதுண்டு. ஆர்வம் இழுக்கும். எச்சரிக்கை விலகி, கரை உடையவில்லை என்று ஊரார் சொன்னபிறகு போங்கள்.

பறவைக்குச் செய்யக் கூடாதவை

போனில் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். கூடு மரங்களுக்குக் கீழே நிற்காதீர்கள். நீங்கள் வந்த பயத்தில் தாய் எழுந்தால் காகமும் பருந்தும் முட்டையை எடுக்க அரை நிமிடம் போதும். டிரோன் வேண்டவே வேண்டாம். ஐந்து பேருக்கு மேல் கூட்டமாக வரப்பில் இறங்காதீர்கள். வலை விரித்திருப்பதையோ கண்ணி வைத்திருப்பதையோ கண்டால் நீங்களே போய்ப் பேசாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடி ஏரிப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டவர்கள் இருக்கிறார்கள். விருந்தாளியாகப் போகும் நாம் அரை மணி நேரம் குரலைத் தாழ்த்திப் பேசுவது பெரிய காரியமில்லை.

எண்ணுவதும் எழுதுவதும்

ஒவ்வொரு இடத்திலும் முதலில் எண்ணுங்கள், பிறகு அடையாளம் பாருங்கள், கடைசியில் படம் எடுங்கள். வரிசை மாறினால் பறவை எழுந்தபிறகு எண்ணிக்கொண்டிருப்பீர்கள். பெரிய கூட்டமானால் ஒரு ஓரத்தில் பத்தைச் சரியாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் பிடித்து, அதே அளவைக் கூட்டத்தின் மேல் அடுக்கிக்கொண்டே போங்கள். நூறைத் தாண்டினால் ஐம்பது ஐம்பதாக. நாமக்கோழியும் முக்குளிப்பானும் முழுகி எழுவதால் இரண்டு முறை எண்ணி, அதிகம் வந்ததை எழுதுங்கள்.

பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவதானால் தொடங்கிய நேரம், நடந்த நிமிடம், தூரம், பார்த்த எல்லா இனமும் என நான்கும் வேண்டும். காகத்தையும் மைனாவையும் விட்டுவிட்டு அரிதானதை மட்டும் எழுதினால் அது முழுப்பட்டியல் ஆகாது. ஏரிக்கு ஒரு பட்டியல், வயலுக்குத் தனிப்பட்டியல் போடுங்கள். கூடவே ஒரு வரி: "ஏரி நிறைந்து கலங்கல் போகிறது", "பாதித் தண்ணீர், கிழக்கோரம் சேறு". பத்து ஆண்டு கழித்து உங்கள் பட்டியலைப் படிப்பவருக்கு, உள்ளான் ஏன் அன்று குறைவு என்று சொல்லப் போவது அந்த வரிதான். 2015 முதல் ஜனவரியில் பொங்கல் விடுமுறை நாட்களில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம். பதினைந்து நிமிடப் பட்டியல் ஒன்று போதும், ஊர்க்குளத்திலிருந்தே தொடங்கலாம். காலில் வளையமோ கழுத்தில் பட்டையோ உள்ள பறவையைக் கண்டால் நிறம், எழுத்து, எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா என்பதைக் குறித்து, படத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள்.

நேரம் இருந்தால் மாலை 5 மணிக்கு அதே கரைக்குத் திரும்ப வாருங்கள். இந்த முறை மேற்கு வானம் எதிரே இருக்கும், நிறம் தெரியாது, ஆனால் அடைய வரும் கொக்குகளை வானத்தில் எண்ணுவதற்கு அதுதான் வசதி. வயல்வெளிகளிலிருந்து ஐந்தும் பத்துமாக, பிறகு முப்பது நாற்பதாக வந்து மரத்தில் இறங்கும். இடம் பிடிக்கும் சச்சரவு 6.15 வரை ஓயாது. அது அடங்கி இருட்டு கவியும்போது, அதே மரத்திலிருந்து "வாக்" என்று ஒற்றைக் குரல் கேட்கும். வக்காக்கள் இப்போதுதான் மேயக் கிளம்புகின்றன. அவற்றையும் எண்ணிவிட்டுப் பட்டியலை மூடுங்கள்.